பிள்ளைக்கென்று தினம் பத்து நிமிடம்: வீட்டில் நடத்துவது எப்படி?

ஒரு சாயங்காலம் மட்டும் இதைச் செய்து பாருங்கள். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டம் ‘செய், செய்யாதே’. இரண்டாவது ‘கேள்வி’. மூன்றாவது ‘திட்டு, குறை’. நான்காவது ‘பாராட்டு, கொஞ்சல், சும்மா பேச்சு’. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை நீங்கள் அதனிடம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்தந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுங்கள்.

ஷூவைக் கழற்று, கை கால் கழுவு, டிபன் பாக்ஸை எடு, ஏன் மிச்சம் வெச்சிருக்கே, டைரி எங்கே, மிஸ் என்ன சொன்னாங்க, உட்காரு, எழுது, டிவியை அணை, எத்தனை தடவை சொல்றது. முதல் மூன்று கட்டமும் சீக்கிரமே நிறைந்துவிடும். நான்காவதில் ஒன்றிரண்டு கோடு விழுந்திருந்தால் அதிகம்.

பாசம் குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அக்கறை உள்ள வீட்டில்தான் ஏவலும் அதிகம். ஆனால் பிள்ளைக்கு அம்மா அப்பாவின் குரல் கேட்டாலே ஏதோ வேலை வரப்போகிறது, அல்லது ஏதோ குறை வரப்போகிறது என்று பழகிவிடுகிறது. ‘பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் காதுல வாங்க மாட்டேங்குறான்’ என்று நாம் புலம்புவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். அந்தக் குரலை மறுபடியும் கேட்கப் பிடிக்கிற குரலாக ஆக்குவதுதான் முதல் வேலை. அறிவுரையால் அது ஆகாது. அறிவுரையும் முதல் கட்டத்தில்தான் போய் விழும்.

கீழே சொல்வது முக்கியமாக 3 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. பெரிய பிள்ளைகளுக்கு எதை மாற்ற வேண்டும் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

பத்து நிமிடத்துக்கு வேண்டியவை

அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபர்க் 1970களில் அடங்காத சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் சிகிச்சையாளர் பிள்ளையிடம் நேரடியாகப் பேசுவதில்லை. ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அறைக்குள் பிள்ளையோடு விளையாடும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, அவர்கள் காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக, எப்படிப் பேசுவது என்று அப்போதைக்கு அப்போதே சொல்லிக்கொடுப்பார். வீட்டில் தினம் 5 நிமிடம் அதைப் பழக வேண்டும். கண்ணாடியும் கருவியும் இல்லாமல் அந்த வீட்டுப்பாடத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். காலிங் பெல், குக்கர் விசில், ‘அம்மா ஒரு நிமிஷம் வாயேன்’ எல்லாம் உண்டு என்பதால் நம் வீட்டுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் வேண்டாம். அரை மணி நேரம் என்று ஆரம்பிப்பவர்கள் நான்காம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

நேரம்: தினமும் ஒரே வேளை. பள்ளிவிட்டு வந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு, ஹோம்வொர்க்குக்கு முன்னால் என்பது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். தூங்கப்போகும் நேரத்தில் வைத்தால் பிள்ளையும் சோர்ந்திருக்கும், நமக்கும் கண் சொருகும்.

ஆள்: ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்குத் தனித்தனியாகப் பத்து நிமிடம். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் நீங்கள் பஞ்சாயத்து பண்ணுவதிலேயே நேரம் போய்விடும். ஒருவருக்கு நடக்கும்போது மற்றவரைத் தாத்தாவோ பாட்டியோ பார்த்துக்கொள்ளட்டும். வேறு ஆளே இல்லையென்றால், சின்னது தூங்கும் நேரத்தில் பெரியதற்கு வையுங்கள்.

போன்: பக்கத்து அறையில், சத்தம் அணைத்து. கவிழ்த்து வைத்தால் போதாது. அது அதிரும்போது உங்கள் கண் அங்கே போவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பொருள்: மூன்று நான்கு சாமான் போதும், தரையில் பரப்பி வையுங்கள். சொப்புச் சாமான், பில்டிங் பிளாக்ஸ், பழைய அட்டைப்பெட்டி, க்ரேயானும் வெள்ளைத்தாளும், மாவு உருண்டை. மாவை வீட்டிலேயே செய்யலாம்: ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், அரை கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். தண்ணீர் முழுவதும் வேண்டியிருக்காது; கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டால் நிறம் வரும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் வரும். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில சாமான்கள் இந்த நேரத்துக்கு ஆகாது. லூடோ, பரமபதம், கேரம் மூன்றிலும் விதியும் வெற்றி தோல்வியும் இருக்கின்றன. விதி இருந்தால் ‘அப்படி ஆடக்கூடாது’ என்று சொல்லியே ஆகவேண்டும். பந்தும் பொம்மைத் துப்பாக்கியும் ஆட்டத்தை வேகமாக்கி, தடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். டிவி, போன் கேம் இரண்டிலும் பிள்ளையின் முகம் உங்கள் பக்கமே திரும்பாது. பாடப்புத்தகத்தை எடுத்தால் அந்த நிமிடமே அது டியூஷன் ஆகிவிடும்.

இந்த நேரத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். பிள்ளையே வைத்தால் இன்னும் நல்லது. ‘என் நேரம்’, ‘அப்பா விளையாட்டு’, எதுவானாலும் சரி. உட்கார்ந்ததும், ‘இப்ப உன் நேரம். நீ என்ன விளையாடுறியோ அதை நானும் விளையாடுறேன்’ என்று சொல்லி ஆரம்பியுங்கள்.

என்ன பேசுவது, என்ன பேசாமல் இருப்பது

செய்ய வேண்டியவை மூன்று. பிள்ளை செய்வதைப் பார்த்தபடியே சொல்வது. பிள்ளை பேசியதைத் திருப்பிச் சொல்வது. எது நன்றாக இருந்ததோ அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது. இதோடு பிள்ளை செய்வதையே உங்கள் கையும் செய்துகொண்டிருக்கட்டும். அது கோபுரம் கட்டினால் நீங்களும் பக்கத்தில் ஒன்று கட்டுங்கள், அதைவிட உயரமாக மட்டும் வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவையும் மூன்றுதான்: கேள்வி, ஏவல், குறை. குறை எதற்குக் கூடாது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேள்வி ஏன் கூடாது என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. ஒரு நான்கு வயதுப் பெண் சொப்புச் சாமானோடு உட்கார்ந்திருக்கிறாள், அம்மா பக்கத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

‘என்ன சமையல்?’
‘சாம்பார்.’
‘சாம்பார்ல என்னென்ன போடுவாங்க?’
‘...தக்காளி.’
‘தக்காளி என்ன கலர்?’
‘சிவப்பு.’
‘இங்கிலீஷ்ல?’
‘ரெட்.’
‘வெரி குட். அந்தத் தட்டைத் தள்ளி வை, கீழே விழுந்துடும்.’

இதற்குள் அந்தப் பெண் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போயிருப்பாள். அம்மா கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் சமைத்துக்கொண்டிருந்தவளைப் பரீட்சை எழுத வைத்துவிட்டார். கேள்வி கேட்பவர் கைக்கு ஆட்டம் போய்விடுகிறது. அதே காட்சி இப்படியும் நடக்கலாம்.

‘பெரிய கரண்டியால கிண்டுறே.’
(பதில் இல்லை.)
‘இப்ப மூடி போட்டாச்சு.’
‘சாம்பார் கொதிக்குது.’
‘ஆமா, கொதிக்குது.’
‘சூடு. தொடாதே.’
‘சூடா இருக்கு, நான் தொட மாட்டேன்.’
‘உனக்கு ஊத்துறேன்.’
‘எனக்கு ஊத்துறே. சிந்தாம, மெதுவா ஊத்துறே. நீ பொறுமையா ஊத்துறது எனக்குப் பிடிச்சிருக்கு.’
‘நிலா என் டிபனை எடுத்துட்டா.’
‘நிலா உன் டிபனை எடுத்துட்டா.’
‘நான் அழுதேன். மிஸ் பாக்கவே இல்ல.’

கடைசி மூன்று வரியைக் கவனியுங்கள். ‘இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?’ என்று எத்தனை முறை கேட்டிருந்தாலும் ‘ஒண்ணும் இல்ல’ என்பதுதான் பதிலாக வந்திருக்கும். கை வேலையாக இருக்கும்போது, யாரும் தோண்டாதபோது, அது தானாகவே வெளியே வருகிறது. வந்த உடனே ‘ஏன் நீ மிஸ்கிட்டே சொல்லலே?’ என்று பாய்ந்துவிடாதீர்கள். ‘அழுகை வந்துச்சு. மிஸ்ஸும் பாக்கல’ என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சாம்பாரைக் குடியுங்கள். டிபன் விவகாரத்தை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

ஐபர்க்கின் முறையில் பெற்றோர் தேறிவிட்டார்கள் என்று சொல்ல ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 5 நிமிடத்துக்குள் பெயர் சொன்ன பாராட்டு 10, செய்வதைச் சொல்லும் வாக்கியம் 10, திருப்பிச் சொல்வது 10. கேள்வி, ஏவல், குறை மூன்றும் சேர்த்து 3க்கு மேல் போகக்கூடாது. கேட்க எளிதாக இருந்தாலும், உட்கார்ந்து பார்க்கும்போதுதான் நாக்கு எந்த அளவுக்குக் கேள்விக்குப் பழகியிருக்கிறது என்று தெரியும். முதல் வாரம் கேள்வியைக் குறைப்பதை மட்டும் குறிவையுங்கள். கேள்வி வாய் வரை வந்துவிட்டால் அதன் வாலை வெட்டிவிடலாம்: ‘இது வீடா?’ என்பது ‘இது வீடு’ என்று ஆகும். தப்பாக இருந்தால் பிள்ளையே திருத்தும், ‘இல்ல, இது பஸ்’ என்று. அப்படித் திருத்துவது அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

முடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்று சொல்லுங்கள். நேரமானதும், ‘உன் நேரம் முடிஞ்சது. நாளைக்கும் உண்டு’ என்று சொல்லி எழுந்துவிடுங்கள். பிள்ளை தொடர்ந்து விளையாடலாம், நீங்கள் மட்டும் விலகுகிறீர்கள். முதல் சில நாள் அழுகை வரும். நாளைக்கும் நிச்சயம் உண்டு என்பது உறைத்த பிறகு அது தானாகக் குறையும். அந்த உறைப்புக்காகத்தான் ஒரு நாள்கூட விடக்கூடாது என்கிறோம்.

எங்கே கெடுகிறது

இதை நிறுத்துவதைத் தண்டனையாக்குவதுதான் ஆகப் பெரிய தவறு. ‘ஹோம்வொர்க் முடிக்கலேன்னா இன்னைக்கு உன் நேரம் கிடையாது.’ கையில் நல்ல ஆயுதம் கிடைத்ததுபோல் தோன்றும். ஆனால் பிள்ளைக்குப் புரிவது ஒன்றே ஒன்று: நான் நல்லபடி நடந்தால்தான் அம்மாவுக்கு நான் வேண்டும். பிள்ளை மிக மோசமாக நடந்துகொண்ட நாளில்தான் அந்தப் பத்து நிமிடம் மிகவும் தேவைப்படுகிறது. தண்டனை வேண்டுமானால் டிவி நேரத்தில் கைவையுங்கள், இதில் வேண்டாம்.

அடுத்தது கூச்சம். ‘நீ சிவப்பு பிளாக்கை எடுக்குறே’ என்று பிள்ளையின் வேலைக்கு நேர்முக வர்ணனை கொடுப்பது பெரியவர்களுக்கு, அதிலும் அப்பாக்களுக்கு, சங்கடமாக இருக்கும். ‘ஏம்ப்பா இப்படிப் பேசுறே?’ என்று பிள்ளையே கேட்டுவிடும். ‘நீ என்ன செய்றேன்னு பாக்க எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். வாய்க்குப் பழக இரண்டு வாரம் ஆகும். ஓயாமல் பேச வேண்டும் என்றும் இல்லை. பிள்ளை ஆழ்ந்து எதையாவது செய்துகொண்டிருந்தால் சும்மா பக்கத்தில் இருந்தாலே போதும்.

விளையாட்டின் நடுவே பிள்ளை பொருளை எறிந்தாலோ உங்களை அடித்தாலோ, ‘அடிச்சதால இன்னைக்கு விளையாட்டு முடிஞ்சது. நாளைக்கு மறுபடி விளையாடலாம்’ என்று குரல் உயர்த்தாமல் சொல்லி எழுந்துவிடுங்கள். இது முன்னால் சொன்னதுக்கு முரணாகத் தெரியலாம். ஹோம்வொர்க்குக்காக நிறுத்துவது வேறு, கையில் அடி வாங்கிக்கொண்டு உட்காராமல் இருப்பது வேறு. சிணுங்கல், வேண்டுமென்றே போடும் கோணல் சத்தம், ‘நீ ஒண்ணுக்கும் லாயக்கில்ல’ மாதிரியான வாய்ப்பேச்சு இதற்கெல்லாம் எழ வேண்டாம். முகத்தை வேறு பக்கம் திருப்பி உங்கள் கையில் இருப்பதைக் கட்டிக்கொண்டிருங்கள். பிள்ளை சாதாரணமாகப் பேச ஆரம்பித்த அடுத்த நொடியே முழுதாகத் திரும்புங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் சிணுங்கல் முதலில் கூடும், அதற்குப் பிறகுதான் குறையும். கூடும்போது பயந்துபோய்க் கேட்டதைக் கொடுத்துவிட்டால், ‘இன்னும் சத்தமாக அழுதால் கிடைக்கும்’ என்ற பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்திருப்பீர்கள். வீட்டில் பாட்டி இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அழும் பேரனைத் தூக்காதே என்றால் எந்தப் பாட்டிக்கும் மனம் கேட்காது. ‘சிணுங்கலை நிறுத்தின உடனே நீங்கதான் தூக்கணும்’ என்று அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும். வலியால் வரும் அழுகை, பயத்தால் வரும் அழுகை, காய்ச்சல் அழுகை இவற்றில் எதையும் ஒருபோதும் கண்டும் காணாமல் விடக்கூடாது.

பாராட்டின் வாலை வெட்டுங்கள்

‘சமத்து’, ‘குட் பாய்’, ‘என் தங்கம்’. கொஞ்சலுக்கு இவை சரி. ஆனால் எதற்காகச் சொன்னோம் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ‘தங்கச்சி கேட்ட உடனே க்ரேயானைக் குடுத்துட்டே, அது நல்லாருந்துச்சு’ என்றால் தெரியும். தெரிந்ததைத்தான் பிள்ளை மறுபடி செய்யும்.

நம் வீடுகளில் பாராட்டுக்கு ஒரு வால் ஒட்டிக்கொண்டே வரும். ‘இன்னைக்கு நல்லா சாப்பிட்டே, தினமும் இப்படி சாப்பிட்டா என்ன?’ ‘கையெழுத்து அழகா இருக்கு, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?’ முதல் பாதி பாராட்டு, இரண்டாம் பாதி திட்டு. பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டாம் பாதிதான். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பாராட்டுவதும் அதே கதைதான். பாராட்டி முடித்ததும் வாயை மூடிக்கொள்வது ஒரு பழக்கம். கொஞ்சம் கடினமான பழக்கம்தான்.

எதைப் பாராட்டுவது என்று தெரியாவிட்டால், உங்களுக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவதை எழுதி அதைக் கவிழ்த்துப் பாருங்கள். ‘கத்துகிறான்’ என்றால் அவன் மெதுவாகக் கேட்ட தருணத்தைப் பிடிக்க வேண்டும். ‘தட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருகிறாள்’ என்றால் முதல் மூன்று வாயை அவளாகவே எடுத்து வைத்த உடன் சொல்ல வேண்டும், தட்டு காலியாகும் வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு தடவை சொன்னால் கேட்பதற்கு

பத்து நிமிடம் இரண்டு மூன்று வாரம் ஓடிய பிறகு இதில் இறங்குங்கள். உறவு கொஞ்சம் இளகியிருக்கும், சொல் ஏறும்.

சமையலறையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போங்கள். குனிந்து அல்லது உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, முகம் திரும்பியதும் ஒரே ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். ‘போய் ட்ரெஸ் மாத்தி, பேக்கை எடுத்து வெச்சு, முகம் கழுவிட்டு வா’ என்பது நான்கு வயதுக்கு மூன்று வேலை. நடுவில் ஒரு பொம்மை கண்ணில் பட்டால் மூன்றும் போச்சு. செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: ‘ஓடாதே’ என்பதற்கு ‘என் கையைப் புடிச்சுக்கிட்டு நட’. வேண்டாம் என்ற பதிலை ஏற்கத் தயாராக இல்லையென்றால் கேள்வியாகக் கேட்காதீர்கள். ‘குளிக்கலாமா?’ என்றால் ‘வேணாம்’ என்பதும் நியாயமான பதில்தான். ‘குளிக்கிற நேரம். நீல வாளியா, பச்சை வாளியா?’ என்று கேட்கலாம்.

சொன்ன பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். இதில்தான் நாம் பெரும்பாலும் சறுக்குகிறோம். ஒரு நொடி கூடக் கொடுக்காமல் அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் சொல்லிவிடுகிறோம். ஐந்துக்குள் பிள்ளை அசைய ஆரம்பித்தால், வேலை முடியும் வரை காத்திராமல் அப்போதே, ‘சொன்ன உடனே எழுந்துட்டே’ என்று சொல்லிவிடுங்கள்.

பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் இவர்களை உதவிக்குக் கூப்பிடுவதை இன்றோடு நிறுத்திவிடலாம். அடுத்த தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளை அலறும்போது அந்தப் பயம் நாம் ஊட்டியது என்பது நமக்கு மறந்திருக்கும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை போலீஸ்காரரைப் பார்த்து ஒளிந்துகொள்வது இன்னும் ஆபத்து. அதேபோல, பிள்ளை தடுக்கி விழுந்ததும் ‘தரையை அடிச்சாச்சு, போ’ என்று தரையை அடிப்பதும் வேண்டாம். வலிக்குப் பழி போட ஓர் ஆளைக் காட்டுகிறோமே தவிர வலியைக் கேட்கவில்லை. ‘முட்டியில அடி. எரியுதா’ என்று மடியில் வைத்துக்கொண்டால் அழுகை சீக்கிரம் அடங்கும்.

அடித்துவிட்டால், கத்திவிட்டால்

‘அடியாத மாடு படியாது’ என்பது மாட்டுக்குக்கூடச் சரியா என்று தெரியவில்லை. பிள்ளைக்கு நிச்சயம் சரியில்லை. அடி அந்த நிமிடத்துக்கு வேலை செய்யும், அதனால்தான் அது நமக்குப் பழகிப்போகிறது. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லிக்கொடுப்பதில்லை. பெரியவர் கண்ணில் படாமல் செய்யத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொஞ்ச நாளில் அதே அளவு அடிக்குப் பயம் விட்டுப்போய், அடியின் பலம் கூட வேண்டியிருக்கும். ஸ்வீடன் 1979லேயே வீட்டில் அடிப்பதையும் சட்டத்தால் தடைசெய்தது. நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பள்ளியில் கூடாது என்று நாம் போய்ச் சண்டை போடும் ஒன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

இருந்தாலும் கத்தும் நாள் வரும். வேலையிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்து, அடுப்பு மூட்டி, நடுவில் பால் பொங்கி, பிள்ளை தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடும்போது எந்த அம்மாவுக்கும் குரல் உயரும். அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட் ட்ரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அம்மா திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், ஒன்றும் நடக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அம்மா மறுபடி பழையபடி ஆகும்போது இருவரும் மெல்ல ஒட்டிக்கொள்வார்கள். அம்மாவுக்கும் குழந்தைக்கும் எல்லா நேரமும் இசைவு இருப்பதில்லை, அறுந்ததைத் திரும்ப ஒட்டவைப்பதுதான் பிள்ளைக்குத் தெம்பு தருகிறது என்பதை ட்ரானிக் திரும்பத் திரும்பச் சொன்னார். கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கத்துவதைவிட மோசமாகப் போய்விடுவது இதனால்தான்.

ஒட்டவைக்க நான்கு வாக்கியம் போதும். உங்கள் படபடப்பு அடங்கிய பிறகு, அன்றைக்கே, பக்கத்தில் உட்கார்ந்து: ‘நான் சத்தமா கத்திட்டேன். நீ பயந்துட்டே. கத்தினது என் தப்பு. அடுத்த தடவை கோபம் வந்தா நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்னுட்டு வர்றேன்.’ இத்தோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும் ஒழுங்கா இருந்திருந்தா...’ என்ற வால் இங்கேயும் எட்டிப்பார்க்கும். சொம்பு கொட்டியதற்குப் பிள்ளை துணி எடுத்துத் துடைக்கட்டும், அது தனிக் காரியம். மன்னிப்புக்குப் பதில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டும் பழக்கம் பல அப்பாக்களிடம் இருக்கிறது. பிள்ளை ஐஸ்கிரீமைச் சாப்பிடும், பயம் அப்படியே இருக்கும்.

பெற்றவர்கள் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தப்பை ஒப்புக்கொள்வது எப்படி என்று பிள்ளைக்குக் காட்ட வேறு வழி இல்லை என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் அப்பா

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், லாரியின் கேபினிலிருந்தும் வரும் வீடியோ கால் பெரும்பாலும் விசாரணையாகவே இருக்கும். சாப்பிட்டியா, படிச்சியா, மார்க் எவ்வளவு, அம்மாவைத் தொந்தரவு பண்ணியா. பிள்ளை மூன்று பதில் சொல்லிவிட்டு ஓடிவிடும். அப்பாவுக்கு மனசு வலிக்கும். போனை நிற்கவைத்து, இரண்டு பக்கமும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பிள்ளை சொல்வதை அப்பாவும் வரையலாம். அப்பா தன் அறையை, சாப்பிடும் கடையை, ஜன்னலில் தெரியும் கிரேனைக் காட்டிச் சொல்லலாம். வாரத்தில் ஏழு நாள் ஒரு நிமிடம் பேசுவதைவிட, மூன்று நாள் பத்து நிமிடம் குறித்த நேரத்துக்கு வருவது மேல். சொன்ன நேரத்துக்கு வர முடியாமல் போனால் முன்கூட்டியே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுங்கள்.

பத்து வயதுக்கு மேல்

இந்த வயதில் எதிரில் உட்கார்ந்து பேசினால் விசாரணை மாதிரி இருக்கும். பக்கத்தில் இருந்தால்தான் பேச்சு வரும்: பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, கீரை ஆயும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது. உங்கள் பத்து நிமிடத்தை அங்கே வையுங்கள். பாட்டு, கிரிக்கெட், அவர்கள் பார்க்கும் வீடியோ, எதுவானாலும் அவர்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பிடிக்காவிட்டாலும் கேலி வேண்டாம். சொன்ன ரகசியத்தை அத்தையிடமும் சித்தியிடமும் போனில் சொல்லிச் சிரிப்பது ஒரு தடவை நடந்தாலும் போதும், அடுத்த ரகசியம் வராது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் நாளுக்கு என்ன சொல்லப்போகிறோம் என்பதை அப்பாவும் அம்மாவும் முதல் நாள் ராத்திரியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மார்க் எதுவானாலும் முதல் வார்த்தை, ‘வா, சாப்பிடலாம். மத்ததை நாளைக்குப் பேசலாம்’ என்பதாக இருக்கட்டும். உறவினர் போனை அன்றைக்கு நீங்களே எடுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

பல நாள் தூக்கம் இல்லாமல், சாப்பாடு குறைந்து, பிடித்த விளையாட்டிலும் நாட்டம் விட்டுப்போய், ‘நான் இல்லாமப் போனா நல்லா இருக்கும்’ என்கிற மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் இந்தக் குறிப்புகள் போதாது. அன்றைக்கே பேச வேண்டும். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழ்நாட்டில் மருத்துவ உதவி எண் 104, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மூன்றுக்கும் கட்டணம் இல்லை. சின்னக் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல், 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமல் இருந்தால் அதை அடம் என்று எண்ணாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு வாரம் கழித்து, இன்னொரு காலண்டர் தாளைக் கிழித்து அதே நான்கு கட்டம் போடுங்கள். நான்காவது கட்டத்தில் கோடு கூடியிருந்தால் இப்படியே தொடருங்கள். கூடவில்லை என்றால், நாளில் எந்த அரை மணி நேரத்தில் மூன்றாம் கட்டம் நிறைகிறது என்று பாருங்கள். அநேகமாகக் காலையில் ஸ்கூல் வேன் வருவதற்கு முந்திய அரை மணி நேரமாக இருக்கும். சீருடையையும் பையையும் ராத்திரியே எடுத்துவைத்து, எல்லாரும் பதினைந்து நிமிடம் முன்னால் எழுந்து, அந்த ஒரு வேளையை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்.